‘அவர்களுக்கு ஆர்வமில்லை’: ஒரு பொய்யின் வரலாறு

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்குப் போகிறவர்களில் கறுப்பின மக்கள் மிகக் குறைவு. மலையேற்றம், காட்டில் கூடாரம் போட்டுத் தங்குதல், பறவை பார்த்தல், நீச்சல் என்று எதை எடுத்தாலும் மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்குக்கு ஏற்ற எண்ணிக்கை அங்கே இல்லை. ஏன் என்று கேட்டால் நெடுங்காலமாக ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘அவர்களுக்கு இயற்கையில் ஆர்வமில்லை. அது அவர்கள் பண்பாட்டிலேயே இல்லை.’

இந்தப் பதிலை நாம் வேறு சொற்களில் கேட்டுப் பழகியவர்கள். ‘அவங்க பிள்ளைங்களுக்குப் படிப்புல நாட்டமில்லை’, ‘அவங்களுக்குச் சுத்தமா இருக்கத் தெரியாது’. கதவைச் சாத்தியவனே வெளியில் நிற்பவனைப் பார்த்து ‘உனக்கு உள்ளே வர விருப்பமில்லை’ என்று சொல்லும் பேச்சு இது. ஆகவே அமெரிக்காவில் அந்தக் கதவை யார், எப்போது, எதைக் கொண்டு சாத்தினார்கள் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குகை. கென்டக்கி மாநிலத்தில் உள்ள மம்மத் குகைதான் உலகிலேயே மிக நீளமானது. இதுவரை அளந்தது மட்டும் 400 மைலுக்கு மேல். 1838-இல் அதன் உரிமையாளர் தன்னிடம் அடிமையாக இருந்த ஸ்டீபன் பிஷப் என்பவரை அங்கே வழிகாட்டி வேலையில் விட்டார். பிஷப்புக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். அதுவரை யாரும் தாண்டாத ‘அடியில்லாப் பள்ளம்’ என்ற பிளவைக் கடந்து அப்பால் போனவர் அவர். குகைக்குள் ஓடும் ஆற்றையும், அதில் வாழும் கண்ணில்லாத மீன்களையும் வெளியுலகுக்குச் சொன்னவர் அவர். 1842-இல் குகையின் வரைபடத்தை நினைவிலிருந்தே வரைந்து கொடுத்தார். குகை கைமாறியபோது குகையோடு சேர்த்து அவரும் விற்கப்பட்டார். 1856-இல் விடுதலை கிடைத்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

பிஷப்போடு மேட், நிக் பிரான்ஸ்ஃபோர்டு என்ற இன்னும் இரண்டு அடிமைகளும் வழிகாட்டிகளாக இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் பிரான்ஸ்ஃபோர்டு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்தார்கள். 1941-இல் மம்மத் குகை தேசியப் பூங்கா ஆனது. வழிகாட்டி வேலை அரசு வேலை ஆனது. சீருடையும் அரசுச் சம்பளமும் மரியாதையும் சேர்ந்தன. அந்த நிலையில் பூங்கா நிர்வாகம் கறுப்பின வழிகாட்டிகளை வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டில் உயிரைப் பணயம் வைத்து இறங்க வேண்டியிருந்தவரை அது அவர்கள் வேலை. மதிப்பு வந்தவுடன் அது வேறு ஆளுடைய வேலை. தொழில்களின் வரலாற்றைச் சாதியோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அடுத்தது கலிஃபோர்னியாவின் ராட்சத மரங்கள். பூங்காக்களை நிர்வகிக்கத் தனித்துறை 1916-இல்தான் வந்தது. அதற்கு முன் செக்வோயா, யோசெமிட்டி பூங்காக்களை ராணுவம்தான் காத்தது. 1899, 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு ‘பஃபலோ சோல்ஜர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட கறுப்பினப் படைப்பிரிவுகளிடம் இருந்தது. காட்டுத்தீயை அணைப்பது, வேட்டைக்காரர்களைத் துரத்துவது, பாதை போடுவது எல்லாம் அவர்கள் செய்தவை. 1903 கோடையில் செக்வோயாவின் பொறுப்புக் கண்காணிப்பாளராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் யங். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர். முந்தைய மூன்று கோடைகளில் நடந்ததை விட அதிகமான வேலையை அவர் படை அந்த ஒரே கோடையில் முடித்தது. ராட்சத மரக்காட்டுக்குள் முதல்முறையாக வண்டி போனது அவர் போட்ட சாலையில்தான். 1917-இல் ராணுவம் உடல்நலக் குறையைக் காட்டி அவரை ஓய்வில் அனுப்பியது. தன் உடல் தகுதியைக் காட்ட அவர் ஒஹையோவிலிருந்து வாஷிங்டன் வரை ஏறத்தாழ 500 மைல் குதிரையில் போனார்.

இங்கே இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே கறுப்பினப் படைகள் பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களிலும் இறக்கிவிடப்பட்டன. யோசெமிட்டி பள்ளத்தாக்கே 1851-இல் பூர்வகுடிகளைத் துரத்தி எடுத்துக்கொண்ட நிலம். ஒடுக்கப்பட்டவர் கையாலேயே இன்னொரு ஒடுக்கப்பட்டவரை அடிக்க வைப்பது ஆதிக்கத்துக்குக் கைவந்த கலை.

இவ்வளவு உழைத்தவர்கள் பிறகு ஏன் சுற்றிப் பார்க்க வரவில்லை? இந்தக் கேள்வியை அப்போதே கேட்டவர் சார்லஸ் யங்கின் நண்பரான டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, அதே டு பாய்ஸ்தான். மெய்ன் மாநிலக் கடலோர மலைகளின் அழகையும் கிராண்ட் கேன்யனின் பிரம்மாண்டத்தையும் மனம் உருகி எழுதியவர் அவர். 1920-இல் வெளியான ‘டார்க்வாட்டர்’ நூலில் அது இருக்கிறது. உலகத்தோடு போராடிக் காயப்பட்டவர்கள் இந்த இடங்களுக்கு ஏன் வருவதில்லை என்று அங்கேயே கேட்கிறார். பதில் ரயில் நிலையத்தில் கிடைக்கிறது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய அழுக்கான காத்திருப்பு அறை, கடைசியில் கவனிக்கப்படும் டிக்கெட் கவுன்ட்டர், புகை மண்டிய பெட்டி, சாப்பாடு கிடைக்காத வழி. மலை அழகாகத்தான் இருக்கிறது. மலைக்குப் போகிற வழியில் மனிதனாக நடத்தப்பட வழியில்லை. கார் வந்த பிறகும் இது மாறவில்லை. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936-இல் ஒரு கையேடு போட ஆரம்பித்தார். அந்த ‘கிரீன் புக்’ 1960கள் வரை தேவைப்பட்டது.

சரி, எப்படியோ பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தால்? வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்கா 1935-இல் உருவானது. மத்திய அரசின் பூங்கா, எல்லா இனத்தாரும் கட்டிய வரிப்பணம். ஆனால் மாநிலத்தின் ‘வழக்கத்தை’ மதிக்கிறோம் என்று சொல்லி, கறுப்பினத்தவருக்கென லூயிஸ் மவுன்டன் என்ற இடத்தை மட்டும் தனியாக ஒதுக்கினார்கள். 1939-இல் திறந்த அந்த இடத்தின் பெயர்ப்பலகையிலேயே ‘நீக்ரோ பகுதி’ என்று எழுதியிருந்தது. ஊருக்கு வெளியே சேரி என்றால் பூங்காவுக்கு உள்ளே லூயிஸ் மவுன்டன். உள்துறை அமைச்சகத்தில் ஆலோசகராக இருந்த வில்லியம் ட்ரென்ட் என்ற கறுப்பின அதிகாரி உள்ளிருந்தே இதை எதிர்த்துப் போராடினார். 1950 வாக்கில்தான் இந்தப் பிரிவினை முழுவதும் ஒழிந்தது. இன்றும் அந்தப் பூங்காவில் மிகச் சிறிய முகாம் அதுதான்.

இந்தப் பூங்காக்கள் யாருக்கு என்ற எண்ணம் இயற்கைப் பாதுகாப்பின் முன்னோடிகள் சிலரிடமே வெளிப்படையாக இருந்தது. 1918-இல் செம்மரங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேடிசன் கிரான்ட், 1916-இல் வெள்ளை இன மேன்மையைப் போற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் செயலாளராக இருந்த நியூயார்க் விலங்கியல் சங்கத்தின் பிராங்க்ஸ் பூங்காவில்தான் 1906-இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு மனிதரைக் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தார்கள். மரத்தைக் காத்த கை, மனிதரைக் கூண்டில் வைத்தது. இயற்கையை நேசிப்பவர் என்பதாலேயே ஒருவர் மனிதரையும் நேசிப்பார் என்று நம்ப வேண்டியதில்லை.

காட்டை விடக் கொடுமை தண்ணீரில் நடந்தது. 1919 ஜூலை 27, சிகாகோ. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் மிச்சிகன் ஏரியில் மிதவையில் போகிறான். தண்ணீரில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டி வெள்ளையர் பக்கம் வந்துவிட்டான் என்று கரையிலிருந்து ஒருவன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைப் போலீஸ் கைது செய்யவில்லை. தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர்.

கலிஃபோர்னியாவில் வில்லா புரூஸும் அவர் கணவர் சார்லஸும் 1912-இல் மன்ஹாட்டன் பீச் நகரில் கடலோர நிலம் வாங்கிக் கறுப்பின மக்களுக்கென ஒரு விடுதி நடத்தினார்கள். மிரட்டல்களுக்கு அவர்கள் அசையவில்லை. 1924-இல் நகராட்சி ‘பூங்கா கட்டப் போகிறோம்’ என்று சொல்லி நிலத்தைக் கையகப்படுத்தியது. கட்டடங்களை இடித்தார்கள். பூங்கா பல பத்தாண்டுகள் வரவே இல்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி கடற்கரையோ அரசுப் பணத்தில் மணல் கொட்டி உருவாக்கியது. அங்கே 1959-இல் டாக்டர் கில்பர்ட் மேசன் சிலரோடு கடலில் இறங்கினார். 1960 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறங்கியபோது வெள்ளைக் கும்பல் தடியும் சங்கிலியும் கொண்டு அடித்தது. அந்த மணலில் கால் வைக்க 1968-இல் நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. 1927-இல் மகாடு சவுதார் குளத்தில் நம் மக்கள் நீர் அள்ளியதற்கு விழுந்த அடியை அறிந்த நமக்கு, பிலாக்ஸி ஏதோ தூரத்து ஊராகத் தெரியாது.

அதே மாநிலத்தின் ஜாக்சன் நகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. நீச்சல் குளங்களைப் பொதுவாக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது குளங்களையே மூடிவிட்டது. 1971-இல் உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும்தானே மூடினார்கள், இதில் பாகுபாடு இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வசதியுள்ள வெள்ளையர் தனியார் குளங்களுக்குப் போனார்கள். நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர முடியாது. பயந்த பெற்றோர் தண்ணீர்ப் பக்கமே விட மாட்டார்கள். இன்றும் அமெரிக்காவில் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளையரை விடப் பல மடங்கு. ஆனால் 1987-இல் ஒரு பெரிய பேஸ்பால் அணியின் நிர்வாகி தொலைக்காட்சியில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கறுப்பினத்தவரின் உடலுக்கு மிதக்கும் தன்மை இல்லையாம். குளத்தை மூடியவர்கள் மறக்கப்பட்டார்கள், குற்றம் உடம்பின் மேல் ஏற்றப்பட்டது.

இதுதான் இந்த வரலாறு நமக்குக் காட்டும் முறை. முதலில் விலக்குவார்கள். விலக்கியதன் விளைவு இரண்டு தலைமுறையில் பழக்கமாகப் படியும். பிறகு அந்தப் பழக்கத்தை எடுத்துக் காட்டி, அதுதான் அவர்கள் இயல்பு என்பார்கள். சமூகவியலில் இதற்குக் கனமான கலைச்சொற்கள் உண்டு. நம் பாட்டிகளுக்கு அந்தச் சொற்கள் தேவைப்படவில்லை, முறை தெரிந்திருந்தது.

தப்பி ஓடிய அடிமைகளுக்குக் காடுதான் விடுதலையின் வழி. ஹேரியட் டப்மன் இரவில் காட்டின் ஊடாகத்தான் மக்களை அழைத்துப் போனார். அதே காட்டு மரங்களில்தான் பிற்காலத்தில் கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டார்கள். இந்த இரட்டை நினைவைச் சுமப்பவர்கள் காட்டில் தனியாக நடக்கத் தயங்கினால் அதை ஆர்வமின்மை என்பதா? 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர், நாயைக் கட்டிவைக்குமாறு ஒரு வெள்ளைப் பெண்ணிடம் கேட்டார். ஒரு கறுப்பின ஆண் தன்னை மிரட்டுவதாக அந்தப் பெண் போலீஸுக்கு போன் செய்தார். அதே நாளில்தான் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸின் முழங்காலடியில் உயிர்விட்டார்.

ஆனாலும் மக்கள் திரும்பி வருகிறார்கள். 2009-இல் ரூ மேப் தொடங்கிய ‘அவுட்டோர் ஆஃப்ரோ’ கறுப்பின மக்களைக் கூட்டமாகக் காட்டுக்கு அழைத்துப் போகிறது. யோசெமிட்டியில் ரேஞ்சராக இருந்த ஷெல்டன் ஜான்சன் 1899-ஆம் ஆண்டுக் கறுப்பினப் படைவீரர்களின் புகைப்படத்தைக் கண்டு, அவர்கள் கதையைப் பார்வையாளர்களுக்குச் சொல்வதையே தன் வேலையாக்கிக்கொண்டார். பிரான்ஸ்ஃபோர்டு வம்சத்தைச் சேர்ந்த ஜெர்ரி பிரான்ஸ்ஃபோர்டு 2004-இல் மம்மத் குகையின் வழிகாட்டியாகச் சீருடை அணிந்தார். புரூஸ் குடும்பத்தின் வாரிசுகளுக்கு 2022-இல் நிலம் திரும்பக் கிடைத்தது. 2023-இல் அதை ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு மாவட்ட நிர்வாகத்திடமே விற்றுவிட்டார்கள். விற்றதைச் சிலர் குறை சொன்னார்கள். விற்கும் உரிமையும் சேர்ந்ததுதான் உடைமை என்பது நம் கருத்து.

கதவோ மறுபடி அசைகிறது. 2026-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கப் பூங்காக்களின் இலவச அனுமதி நாட்களில் மார்ட்டின் லூதர் கிங் நாளும், அடிமை விடுதலையைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளும் நீக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த நாட்களில் ஒன்று ஜூன் 14. அது கொடிநாள், அதிபர் டிரம்ப்பின் பிறந்தநாளும் அதுவே.

பட்டியலில் இரண்டு நாள் குறைவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். லூயிஸ் மவுன்டன் பலகையும் அன்றைக்குச் சிலருக்குச் சின்ன விஷயம்தான். இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் பூங்கா வாசலில் நின்று ஆட்களை எண்ணி, ‘அவர்கள் வருவதில்லை’ என்று அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையோடு இந்தப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் படிக்க ஆள் இருக்க வேண்டும். அமெரிக்கப் பூங்கா அறிக்கையானாலும் நம் ஊர் நலத்திட்ட அறிக்கையானாலும், ‘ஆர்வமில்லை’ என்ற சொல் வரும் இடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அதற்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள், அவர்களை வெளியே அனுப்பியது யார்?