சிக்காகோ அனல்மின் நிலைய எதிர்ப்பு இயக்கம்

சிக்காகோ அனல்மின் நிலைய எதிர்ப்பு இயக்கம், அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தைச் சேர்ந்த சிக்காகோ நகரில் நடந்த மக்கள் போராட்டமாகும். குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கிய ஃபிஸ்க், கிராஃபோர்ட் என்னும் இரு நிலக்கரி மின்நிலையங்களை மூடுவது இதன் கோரிக்கை. பத்தாண்டுக்கு மேல் நீடித்த இப்போராட்டம் 2012இல் வென்றது. மாசைச் சுமக்கும் மக்களே முன்னின்று நடத்தியதால், காலநிலை நீதி இயக்கங்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

பின்னணி

ஃபிஸ்க் நிலையம் 1903இல் பில்சன் பகுதியிலும், கிராஃபோர்ட் 1920களில் லிட்டில் வில்லேஜ் பகுதியிலும் தொடங்கப்பட்டன. காமன்வெல்த் எடிசன் நிறுவனத்திடமிருந்து 1999இல் இவற்றை மிட்வெஸ்ட் ஜெனரேஷன் நிறுவனம் வாங்கியது. இரு பகுதிகளிலும் மெக்சிக்க வம்சாவளியினரான உழைக்கும் குடும்பங்களே பெரும்பான்மையினர்.

அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் புதிய நிலையங்களுக்குக் கடும் வரம்பு விதித்தது. பழையவற்றுக்கு விலக்கு அளித்தது. அவை விரைவில் மூடப்படும் என்று அப்போது எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் விலக்கு இருந்ததாலேயே பழைய நிலையங்களை ஓட்டுவது மலிவாக இருந்தது; அவை பல பத்தாண்டுகள் நீடித்தன. மின்சாரம் மொத்தச் சந்தையில் விற்பனைக்குப் போயிற்று. புகையும் நுண்துகளும் அக்கம்பக்கத்து மக்களின் மூச்சில் கலந்தன.

போராட்டம்

லிட்டில் வில்லேஜ் சுற்றுச்சூழல் நீதி அமைப்பு 1994இல் உருவானது. உள்ளூர்ப் பள்ளியின் சீரமைப்புப் பணியால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேருமோ என்று கவலைப்பட்ட பெற்றோர்கள் இதைத் தொடங்கினர். பின்னர் இதன் அமைப்பாளரான கிம்பர்லி வாசர்மனின் கைக்குழந்தைக்கு ஆஸ்துமா வந்தது. அவர் வீடுவீடாகப் போய்ப் பேசியபோது, அதே துயரத்தைப் பல தாய்மார்கள் சொன்னார்கள்.

ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்களின் 2001ஆம் ஆண்டுக் கணிப்பு இக்கவலைக்கு வலுச் சேர்த்தது. இரு நிலையங்களின் மாசினால் ஆண்டுதோறும் 41 அகால மரணங்களும், 550 அவசர சிகிச்சை வருகைகளும், 2,800 ஆஸ்துமா தாக்குதல்களும் நேர்வதாக அது மதிப்பிட்டது.

இளைஞர்கள் மாசுபட்ட இடங்களை வெளியாருக்குச் சுற்றிக்காட்டினர். பில்சன் பகுதி அமைப்புகளும் சுகாதார, மத, சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒரே கூட்டணியாகத் திரண்டன. நகர மன்ற உறுப்பினர் ஜோ மூர் 2010இல் தூய மின்சார நகரச் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். 2011 மே மாதத்தில் கிரீன்பீஸ் ஆர்வலர்கள் ஃபிஸ்க் புகைபோக்கியில் ஏறிப் போராடினர். மேயர் ராம் இமானுவேலின் நிர்வாகம் நிறுவனத்துடன் பேசி, மூடும் உடன்பாட்டை 2012 பிப்ரவரியில் அறிவித்தது. இரு நிலையங்களும் அந்த ஆகஸ்டிலேயே நிலக்கரி எரிப்பதை நிறுத்தின. வாசர்மன் 2013இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார்.

மூடலுக்குப் பின்

கிராஃபோர்ட் வளாகம் பின்னர் சரக்குக் கிடங்காக்கப்பட்டது. தங்கள் பகுதிக்கு மேலும் லாரிகள் வரும் என்று மக்கள் எதிர்த்தனர். 2020 ஏப்ரல் 11 அன்று, கோவிட் பெருந்தொற்றுக்கு நடுவே, அங்கிருந்த புகைபோக்கி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது கிளம்பிய தூசு வீடுகளை மூடியது. மூச்சுத்திணறலுக்கு எதிராகப் போராடிய அதே மக்களுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி அது.

ஆக்கபூர்வமான வெற்றிகளும் உண்டு. நச்சுக் கழிவால் கெட்டிருந்த பழைய கூரைத்தார் ஆலை நிலம் தூய்மையாக்கப்பட்டு, 2014இல் லா வியிதா பூங்காவாகத் திறக்கப்பட்டது.

தூய ஆற்றல் சட்டங்கள்

சிக்காகோ நிலையங்கள் மூடப்பட்ட பின், இலினொய் மாநில அளவிலும் தூய ஆற்றல் சட்டங்கள் வந்தன. 2016இல் நிறைவேறிய எதிர்கால ஆற்றல் வேலைவாய்ப்புச் சட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான சூரிய மின்திட்டத்தை உருவாக்கியது. 2021 செப்டம்பரில் கையெழுத்தான காலநிலை, சமத்துவ வேலைவாய்ப்புச் சட்டம், 2050க்குள் முழுவதும் தூய மின்சாரம் என்ற இலக்கை வைத்தது. தனியார் நிலக்கரி மின்நிலையங்களுக்கு 2030 கெடு விதித்ததோடு, மாசால் பாதிக்கப்பட்ட பகுதியினருக்கும் வேலையிழக்கும் நிலக்கரித் தொழிலாளருக்கும் பயிற்சித் திட்டங்களை வகுத்தது.

முக்கியத்துவம்

உலைகளை அணைப்பது காலநிலைக் கொள்கையின் ஒரு பாதி மட்டுமே என்பதை இவ்வியக்கம் நிறுவியது. காலியாகும் நிலத்தில் எது வர வேண்டும், புதிய வேலைகள் யாருக்கு, சூரியத் தகடு எந்தக் கூரையில் ஏற வேண்டும் என்பனவற்றை முடிவுசெய்யும் உரிமை, முன்பு மாசைச் சுமந்தவர்களுக்கே முதலில் சேர வேண்டும். காலநிலை நீதி என்பதன் உள்ளடக்கம் அந்த உரிமையே.