கொட்டகையில் கற்ற பொறியியல்

பாலக்காட்டிலிருந்து எலப்புள்ளி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, கொழிஞ்சாம்பாறையைக் கடந்து பொள்ளாச்சியை அடைகிறது. அங்கிருந்து உடுமலைப்பேட்டை, பழனி என நீள்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் வரை மலபாரும் கோவையும் ஒரே மாநிலத்தின் மாவட்டங்கள். ஆகவே இச்சாலையில் ஓடிய வண்டிகளுக்கும் அவற்றைப் பழுது பார்த்த கைகளுக்கும், எல்லை என்பது பிற்காலத்தில் வந்த கோடுதான். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள், வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டியொன்றைப் பிரித்துப் போட்டிருந்த உறவினர் ஒருவரையேனும் நினைவுகூரக்கூடும்.

அவ்வாறு பிரித்தவர்களுள் தலையாயவர் ஜி. டி. நாயுடு. 1893இல் கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒன்றவில்லை. ஆங்கிலேய வருவாய் அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளை இளமையிற் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டி! அதனை வாங்கவேண்டும் என்பதற்காகவே கோவையில் உணவு விடுதியொன்றிற் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியற் கல்லூரி அதுவே. 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கியபோது, அதனை ஓட்டியவரும் அவரே.

அக்காலத்தில் வண்டியைக் கழற்றுவது எளிதன்று. ஆங்கில வண்டிகளிற் பெரிதும் வழங்கியது 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை. அதன் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கோ 60 பாகை. ஒன்றின் நட்டு மற்றதன் போல்ட்டிற் சரியாக அமராது. ஸ்பானரில் பொறித்த எண்ணும் புதியவரை ஏமாற்றும். விட்வொர்த் ஸ்பானரில் 1/4 என்றிருந்தால் அது போல்ட்டுத் தண்டின் விட்டம். ஸ்பானர் வாயின் அகலமோ அரை அங்குலத்திற்கும் சற்று அதிகம். பொருந்தாத ஸ்பானரைக் கொண்டு திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கும். பிறகு உளிதான் கதி.

ஆகவே கொட்டகைக்காரர் தம் கருவியைத் தாமே திருத்திக்கொண்டனர். வாயை அரத்தால் ராவி விரித்தனர். தண்டை உலையிற் பழுக்கக் காய்ச்சி, இயந்திரத்தின் இடுக்கிற்குள் நுழையுமாறு வளைத்தனர். காய்ச்சிய எஃகு பதம் இழக்கும். மீண்டும் பதமிடத் தெரியாதவனின் ஸ்பானர், முதல் இறுக்கத்திலேயே வாய் பிளந்துவிடும். உழவனின் கொழுவுக்குப் பதமிட்ட கொல்லனின் அறிவு இங்கே கைகொடுத்தது. இதனை ஒட்டுவேலை என்று இகழ்வாரும் உளர்; எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இரண்டாம் உலகப்போர் இவ்வறிவைக் கடுமையாகச் சோதித்தது. பெட்ரோல் பங்கீட்டிற்கு உட்பட்டது. பேருந்துகளின் பின்புறத்தில் கரி உலைகள் முளைத்தன. அடுக்கிய மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அவ்வாயுவைக் குளிர்வித்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு ஊட்டினர். புறப்படுமுன் விசிறியைக் கையாற் சுழற்றித் தணலை மூட்டவேண்டும். வலிமையோ பெட்ரோலில் ஓடியபோது இருந்ததைவிட வெகுவாகக் குறைவு. மேடேற வண்டி திணறும். வடிகட்டி சரியில்லையேல் சிலிண்டர் தேய்ந்துபோகும். அதனினும் கொடியது ஒன்றுண்டு: நிறமும் மணமும் அற்ற அந்த வாயு மூடிய கொட்டகையிற் கசிந்தால் உயிரையே குடிக்கும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யும் வழக்கம் வெறும் வெளிச்சத்திற்காக மட்டும் அன்று.

போர் முடியும் வேளையில், 1945இல், நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் எழுந்தது. ஹோப் அன்றைய சென்னை ஆளுநர். முதல்வர் பொறுப்பை நாயுடுவே ஏற்றார். பொறியியலுக்கு நான்கு ஆண்டு வேண்டுவதில்லை, இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கொள்கை. ரட்ஜ் வண்டியைக் கழற்றிக் கற்றவர் வேறு எவ்வாறு எண்ணுவார்! ஆட்சியாளர் இணங்கவில்லை, அவர் பதவியைத் துறந்தார். கல்லூரி பின்னர் இடம் மாறி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது. அங்கே பொறியியற் பட்டப்படிப்புக்கு இன்றும் நான்கு ஆண்டுகள்தாம்.