வளர்ச்சி ஓமோனும் ஈரலின் குளுக்கோசு ஆக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரிழிவு பற்றிய அறிவின் வரலாற்றை இன்சுலினின் வரலாறாக மட்டும் காணும் போக்கு நம்மிடையே வலுவாக வேரூன்றியுள்ளது. சதையி அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதை 1889இல் மிங்கோவ்ஸ்கியும் ஃபொன் மேரிங்கும் கண்டனர்; 1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. நோய் என்பது ஒரு பொருளின் குறைபாடே என்னும் முடிவு இவற்றினின்றும் இயல்பாகவே பிறந்தது.

இம்முடிவை அசைத்தவர் புவனஸ் அயர்ஸ் பல்கலைக்கழக உடற்றொழிலியற் பேராசிரியர் பேர்னார்டோ ஹூசே ஆவார். சதையியோடு கபச்சுரப்பியும் அகற்றப்பட்ட விலங்குகளில் நீரிழிவின் கடுமை தணிவதை அவரும் பியாசொட்டியும் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினர். 1937இல் இங்கிலாந்தின் எஃப். ஜி. யங், கபச்சுரப்பியின் முன்மடற் சாற்றை நாய்களுக்குத் தொடர்ந்து செலுத்தி நிலையான நீரிழிவை ஏற்படுத்தினார். கைகால்களும் முகமும் பெருக்கும் நோயொன்றைப் பியர் மாரி 1886இல் விவரித்திருந்தார். அந்நோயாளர் பலரிடம் நீரிழிவும் காணப்படுவதன் காரணம் இவ்வாய்வுகளாற் படிப்படியாகத் துலங்கிற்று.

இம்முரண்பாட்டின் முதன்மைக் களங்களுள் ஈரல் ஒன்றாகும். ஈரல் குளுக்கோசை வெளிவிடுவதை இன்சுலின் அடக்குகின்றது. வளர்ச்சி ஓமோன் மிகுந்தவிடத்து அவ்வடக்குமுறை வலுவிழக்கின்றது. கொழுப்பிழையம் சிதைந்து கொழுப்பமிலங்கள் குருதியிற் பெருகுகின்றன. அவை ஈரலிற் புதிய குளுக்கோசு ஆக்கத்துக்குத் துணைநிற்பதோடு, தசைகள் குளுக்கோசைப் பயன்படுத்துவதையும் குறைக்கின்றன. சதையி மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்ய முயல்கின்றது. அது இயலாதவிடத்து நீரிழிவு வெளிப்படுகின்றது. எனவே இன்சுலின் இருக்கவும் நீரிழிவு தோன்றலாம். பொருளின் இருப்பன்று, எதிர்நிற்கும் ஆற்றல்களுக்கிடையேயான உறவே இங்குத் தீர்மானிக்கின்றது.

ஆயினும் இயங்கியலைச் சூத்திரமாகப் பிரயோகித்தல் தகாது. அதிரீனற் சுரப்பிகளை அகற்றினாலும் நீரிழிவு தணியும் என்பதை 1936இல் லோங், லூக்கன்ஸ் ஆகியோர் காட்டினர். ஆதலின் கபச்சுரப்பி நீக்கத்தின் முழு விளைவையும் வளர்ச்சி ஓமோனின் மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

இவ்வறிவு பெருவல்லரசுகளின் தலைநகரங்களில் மட்டும் விளைந்ததன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. சனநாயக ஆட்சி கோரும் அறிக்கையொன்றிற் கையொப்பமிட்டமைக்காக 1943இல் இராணுவ அரசு ஹூசேயைப் பதவிநீக்கியது. 1944இல் தனியார் கொடையால் உருவான நிறுவனமொன்றில் அவரது ஆய்வு தொடர்ந்தது. 1947இல் கோரி தம்பதியரோடு நொபெல் பரிசைப் பகிர்ந்தார். அரசு கைவிட்ட ஆய்வைக் கொடையாளரின் தயவு காத்தது உண்மையே. ஆனால் மக்களின் நோய் பற்றிய அறிவு அத்தயவையே நம்பியிருத்தல் வேண்டுமா? பல்கலைக்கழகத்தின் சுதந்திரம் அறிஞரின் தனிச்சலுகையன்று, மக்களின் உடல்நலத்தோடு பிணைந்த உரிமை என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.