கடைமடைக்கும் தண்ணி வரணும் – விக்கிப்பீடியா டேட்டாபேஸ் கதை

பேராவூரணிப் பக்கம் "கடைமடை"ன்னா யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1934-ல் மேட்டூர் அணைத் திட்டத்தோட வந்த கல்லணைக் கால்வாய்தான், எங்க ஊர்ப்பக்கம் சொல்ற புது ஆறு, எங்க வயலுக்கு ஆதாரம். மேட்டூர்ல தண்ணி திறந்த அன்னிக்கே இங்க வந்துடாது. டேட்டாபேஸ் உலகத்துலயும் ஒரு கடைமடை உண்டு. விக்கிப்பீடியா படிக்கிற நாம எல்லாரும் அங்கதான் இருக்கோம்.

2001 ஜனவரி 15-ல் விக்கிப்பீடியா தொடங்கினப்போ டேட்டாபேஸே கிடையாது. யூஸ்மாட்விக்கின்னு ஒரு பெர்ல் நிரல், பக்கங்கள் எல்லாம் வெறும் கோப்புகள். 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கேங்கிற ஜெர்மன் மாணவர் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் கொண்டு எழுதின மென்பொருளுக்கு மாறினாங்க. கூட்டம் கூடக்கூட அதுவும் திணற, அதே வருஷம் ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் திருப்பி எழுதினார். இன்றைய மீடியாவிக்கிக்கு மூலம் அதுதான். தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது 2003-ல்.

ஒரு பக்கத்தைக் காட்டுறதுல என்ன பெரிய சுமைன்னு கேக்கலாம். கட்டுரையை எடுத்தா மட்டும் போதாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு இணைப்புக்கும் அந்தப் பக்கம் இருக்கா இல்லையான்னு பார்த்துத்தான் நீலமா சிவப்பான்னு முடிவு பண்ணணும். எழுதுறவங்க கொஞ்சம் பேர், படிக்கிறவங்க கோடிக்கணக்கு. அதனால வேலையைப் பிரிச்சாங்க. எழுத்து எல்லாம் ஒரே தலைமை சர்வருக்குப் போகும். அங்க நடந்த மாற்றங்களை நகல் சர்வர்கள் வரிசையா வாங்கித் தங்களிடமும் செய்துக்கும். வாசிப்பை நகல்கள் பார்த்துக்கும். 2003-ல் லைவ்ஜர்னல் பதிவுத்தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கின மெம்கேஷ்டும் கைகொடுத்தது. லாகின் செய்யாத வாசகருக்கு, முன்னாடி நின்ன ஸ்குவிட் சர்வர்களே தயார்ப் பக்கத்தைக் கொடுத்துடும். டேட்டாபேஸ் வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

ஆனா நகல்னா தாமதம் இருக்கும். நீங்க ஒரு பிழையைத் திருத்திச் சேமிச்சு, அடுத்த நொடி பார்த்தா பழைய பக்கமே வந்தா? திருத்தம் காணோம்னு திரும்பத் திருத்துவீங்க. இதுக்கு மீடியாவிக்கி ஒரு வழி வச்சிருக்கு. நீங்க எழுதின இடம் எதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, நகல் அதுவரைக்கும் வந்து சேரக் கொஞ்சம் காத்திருந்து உங்களுக்குக் காட்டும். மத்தவங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாமதம் அதிகமானா தானியங்கிகளை "நீங்க கொஞ்சம் பொறுங்க"ன்னு நிறுத்திடும். தட்டுப்பாடு வந்தா முதல்ல காத்திருக்க வேண்டியது இயந்திரம், மனுஷன் இல்லை. இந்த முறை வச்சது எனக்குப் பிடிச்ச விஷயம்.

இவ்வளவும் இருந்தும் 2009 ஜூன் 25-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தப்போ தளம் தடுமாறிடுச்சு. அவர் பக்கத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் திருத்த, சேமிச்சு வச்ச பிரதி செல்லாமப் போச்சு. உடனே வந்த ஒவ்வொரு வாசகருக்காகவும் எல்லா சர்வரும் அதே பக்கத்தைத் தனித்தனியா உருவாக்கக் கிளம்பிடுச்சு. இதுக்கப்புறம் வந்ததுதான் பூல்கவுண்டர். ஒருத்தர் மட்டும் வேலையைச் செய்ய, மத்தவங்க காத்திருக்கணும், இல்லைன்னா பழைய பிரதியை வாங்கிக்கணும்.

சர்வர் கூட்டுறது காசு இருந்தா யாரும் செய்யலாம். யாருக்குப் புதுசு கட்டாயம், யாருக்குச் சற்றுப் பழசு போதும்னு தீர்மானிக்கிறதுதான் கஷ்டம். விளம்பரமே இல்லாம நன்கொடையில ஓடுற தளத்துல தமிழுக்கும் ஒரு இடம் நிலைச்சிருக்குன்னா, அந்தத் தீர்மானத்துக்கும் அதில் பங்கு உண்டு.