அம்மா பிறந்தது எந்தக் கிழமை?

டேட்டாபேஸ் தொழிலில் இருக்கும் எனக்கு நேரக் கணக்கைச் சொல்லித் தந்தது எங்கள் வீட்டுப் பழைய நோட்டு ஒன்று.

சூரியனை வைத்துப் பார்த்தால் மதுரை நேரம் கிரீன்விச்சைவிட சுமார் 5 மணி 12 நிமிடம் முந்தியது. ரயில்வே பயன்படுத்திய 'மெட்ராஸ் டைம்' 5 மணி 21 நிமிடம். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் ஐந்தரை மணி. உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் பாதி வரை, கடிகாரத்தை இன்னும் ஒரு மணி கூட்டி வைத்தார்கள்.

அம்மா பிறந்தது 1943-இல், மதுரையில். நோட்டில் "காலை 6.40" என்று மட்டும் இருந்தது. "புது நேரமா, பழைய நேரமா?" என்றார் ஜோசியர். புது நேரம் என்றால் நிஜத்தில் 5.40, பொழுதே விடியலே! பஞ்சாங்கப்படி கிழமையே முந்தின நாள். சொல்வதற்குப் பாட்டி இல்லை.

மண்டலம் குறிக்காத டைம்ஸ்டாம்ப்பும் அந்த நோட்டு மாதிரிதான். மாணவத் தம்பி தங்கைகளே, நடந்த நிகழ்ச்சியின் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். காட்டும்போது ஊர் நேரமாக்குங்கள். எப்போதும் ஐந்தரை மணியைக் கூட்டினால் போதும்னு நினைக்காதீங்க. 'ஏசியா/கொல்கத்தா' என்று மண்டலப் பெயரைக் கொடுத்தால் அந்தப் போர்க்கால ஒரு மணியும் கணக்கில் வந்துவிடும்.

அம்மாவின் கிழமைதான் எங்களுக்கு இன்னும் தெரியாது.