மைசூரு: பிளேக் வகுத்த வீதிகள்

இந்தியாவின் முதல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் மைசூருவில்தான் தோன்றியது என்று சுற்றுலாக் கையேடுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அது சரியன்று. பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் 1898இலேயே அமைந்துவிட்டது. மைசூருவின் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வாரியம் 1903இல் வந்தது. முதலிடம் யாருக்கு என்பது பெரிய செய்தியில்லை. இரண்டு வாரியங்களையும் பிறப்பித்தது பிளேக் என்பதே கவனிக்கத்தக்கது. இன்று மைசூருவில் இருசக்கர வாகனமோ காரோ இன்றி ஒரு குடும்பம் நாளை ஓட்டுவது ஏன் கடினமாகிவிட்டது என்ற கேள்விக்கான விடையின் பாதி, அந்த நோயைப் பற்றிய அக்கால அச்சத்தில் இருக்கிறது.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் 1898இல் மைசூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் அதே 1898இல் கூறினார்; மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆகவே 1903இல் வாரியத்தை நிறுவியவர்கள், நெரிசலும் இருளும் கெட்ட காற்றுமே நோயின் வேர் என்று நம்பினர். அதற்குரிய மருந்தைத்தான் நகரின் வரைபடத்தில் எழுதினர்: அகன்ற நேர்வீதிகள், ஒன்றையொன்று ஒட்டாத வீடுகள், ஒவ்வொரு வரிசையின் பின்புறமும் துப்புரவுப் பணியாளர் வந்துபோக ஒரு சந்து. சாமராஜபுரத்திலும் லட்சுமிபுரத்திலும் நடப்பவர் இந்த ஒழுங்கை இன்றும் காணலாம். (அந்தச் சந்துகளின் சாதி வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. யார் வீட்டு முன்வாசலால் வரக்கூடாது என்பதையும் அந்த வரைபடமே தீர்மானித்தது.)

இந்த வரைபடத்தில் போக்குவரத்து என்ற ஒன்றே இல்லை. அன்று அது குறையாகத் தோன்றவுமில்லை. ஊர் சிறியது. அரண்மனையிலிருந்து புது விரிவுகளுக்கு நடந்தே போய்விடலாம். இயலாதவருக்குக் குதிரை பூட்டிய டாங்கா இருந்தது. சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953வரை ஓடியது. சிவசமுத்திரத்தில் 1902இலேயே மின்உற்பத்தி தொடங்கி, 1908இல் மைசூரு வீதிகளில் மின்விளக்கு எரிந்தபோதும், இங்கே டிராம் தண்டவாளம் பதிக்கப்படவில்லை. நம் ஆர். கே. நாராயண் எழுதுவதற்கு நிகராக நடப்பதையும் அன்றாடக் கடமையாகக் கொண்டிருந்தது இந்த ஊரில்தான். நடந்தே பார்த்துத் தீர்த்துவிடக்கூடிய நகரம் அது.

ஊர் வளர்ந்தபோது பழைய பழக்கம் மாறவில்லை. நிலத்தைக் கையகப்படுத்து, சாலை போடு, மனை பிரித்து ஒதுக்கு: வாரியம் அறிந்த தொழில் இதுவே. கர்நாடகத்தில் எவரும் சொல்லும் ‘முப்பதுக்கு நாற்பது’, ‘நாற்பதுக்கு அறுபது’ என்னும் அடிக்கணக்கே நகரமைப்பின் அலகாயிற்று. குவெம்புநகரும் விஜயநகரின் நான்கு கட்டங்களும் இவ்வழியில் எழுந்தவை. பேருந்தோ வேறொரு துறையின் பொறுப்பு. 1948இல் 120 பேருந்துகளுடன் மைசூர் அரசு சாலைப் போக்குவரத்துத் துறை தொடங்கியது. 1961இல் அது கழகமாயிற்று. அதன் தலைமையகம் பெங்களூருவில். மனை வகுப்போர் 1988இல் நகர வளர்ச்சி ஆணையம் என்று பெயர் மாறினர். மனை விற்ற கணக்கில் பேருந்துக்கு ஒரு பத்தி கிடையாது. பேருந்துக் கணக்கில் புது மனைப்பிரிவுக்கு முன்கூட்டியே ஓரிடமும் கிடையாது.

விளைவை ஊகிக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. தனித்தனி வீடுகள் பரந்து கிடக்கும் பகுதியில் ஒரு நிறுத்தத்தைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் வாழ்வோர் குறைவு. ஆள் குறைவென்றால் பேருந்தும் குறைவு. காத்திருந்து சலித்தவர் ஸ்கூட்டர் வாங்குகிறார். அவர் போனதால் அடுத்த பேருந்தில் இன்னும் ஓர் இருக்கை காலி. பெரும்பாலான தடங்கள் அரண்மனையருகே உள்ள நகரப் பேருந்து நிலையத்தை நோக்கியே ஓடுவதால், ஒரு புறநகரிலிருந்து அடுத்த புறநகருக்குப் போக நகர நடுவுக்கு வந்து வண்டி மாற வேண்டியிருக்கிறது. இதற்கு மைசூருவாசிகளின் சோம்பலைக் குறை கூறுவோர், அவர்கள் வாழும் வரைபடத்தைப் பார்க்க மறுப்பவர்களே.

மோட்டார் சைக்கிளை இந்த நகரம் வாங்க மட்டும் செய்யவில்லை, உற்பத்தியும் செய்தது. யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையை 1961இல் ஜெயசாமராஜ உடையார் திறந்துவைத்தார். ஜாவா, யெஸ்டி வண்டிகள் 1996இல் ஆலை மூடும்வரை அங்கிருந்தே நாடெங்கும் போயின. அந்த வண்டியின் ஒலியை இன்றும் பாசத்தோடு நினைவுகூரும் ஊரில், பேருந்தைப் பற்றிய அத்தகைய நினைவேக்கத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

முயற்சிகளே இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் நகரப் பேருந்துகளில் ஜிபிஎஸ் கருவிகளும் நிறுத்தங்களில் வருகை நேரப் பலகைகளும் வந்தன. 2017 ஜூனில் ‘டிரிண் டிரிண்’ என்ற பொது மிதிவண்டித் திட்டம் 450 வண்டிகளோடு தொடங்கியது. இரண்டும் நல்லவை. ஆனால் பேருந்து எப்போது வரும் என்று பலகை சொல்வது ஒன்று, பேருந்து அடிக்கடி வருவது வேறொன்று. 2023 ஜூன் 11 அன்று நடைமுறைக்கு வந்த ‘சக்தி’ திட்டமே, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அளித்து, பேருந்துக்கான தேவை எவ்வளவு மறைந்து கிடந்தது என்பதை வெளிக்கொணர்ந்தது. அதற்கு மூன்றே மாதம் முன்புதான் 118 கிலோமீட்டர் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ஆகஸ்டில் அதன் முதன்மைப் பாதையில் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் தடைசெய்யப்பட்டன. பணமும் விரைவும் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பதற்கு இவ்விரு திறப்பு விழாக்களே போதிய சான்று.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 1903இன் வரைபடம் நமக்கு விட்டுச்சென்றது சுமை மட்டுமன்று. மதுரையின் மாசி வீதிகளில் பேருந்துக்கென ஒரு தடம் ஒதுக்க எண்ணினால் எந்தக் கடையை நகர்த்துவது என்ற கேள்வி எழும். மைசூருவின் அகன்ற சாலைகள் பலவற்றில் எதையும் இடிக்காமல் அதைச் செய்யலாம்; நிறுத்திவைத்த கார்களை அப்புறப்படுத்தும் துணிவுதான் வேண்டும். 1891இல் நஞ்சன்கூடுக்குப் போட்ட இரயில்பாதை சாமராஜபுரம், அசோகபுரம் வழியே ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அதில் அடிக்கடி ஓடும் ஒரு உள்ளூர் இரயிலை ஏன் எண்ணிப்பார்க்கக் கூடாது? பாதாளச் சாக்கடை வந்தபின் பயனிழந்த அந்தப் பின்சந்துகள், மோட்டார் நுழையாத நடைபாதையாகவும் மிதிவண்டி வழியாகவும் பேருந்து நிறுத்தம்வரை நீளலாம். பல சந்துகள் ஆக்கிரமிப்பிலும் குப்பையிலும் மறைந்துவருகின்றன. எஞ்சியவை எத்தனை, எவை எங்கே இணைகின்றன என்ற பட்டியலை வார்டு வார்டாகத் தயாரிக்க ஒரு கோடை விடுமுறையும் சில மாணவர்களும் போதும். வரலாறு, புவியியல் துறை நண்பர்கள் எவரேனும் முன்வந்தால் பழைய நில அளவை வரைபடங்களைப் படிக்க நானும் உடன் வருகிறேன்.