தோண்டப்படாத செம்பு

திருகோணமலை என்றதும் துறைமுகம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று என்று பேச்சு ஓடும். செம்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் இலங்கையில் செம்புத் தாது எங்கே என்று கேட்டால் புவிச்சரிதவியலாளர் கைகாட்டுவது இந்த மாவட்டத்தைத்தான்: கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, சேருவில பகுதியில் உள்ள அரிப்பு.

மன்னார் அரிப்பு வேறு. 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 19 ஆண்டுகளுக்குப் பின் தப்பியோடி ஒல்லாந்தரிடம் தஞ்சம் புகுந்தது அந்த அரிப்பில். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் இத்தீவினர் கல்லை உருக்கி இரும்பெடுத்த விதமும் வருகிறது. தாம் பிடிபட்ட கரைக்கு அப்பால் இரும்பும் செம்பும் ஒன்றாகக் கிடப்பதை அறிய அவருக்கு வழியில்லை.

அது 1971இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் கண்ணில் பட்டது. காந்தத்தன்மை கொண்ட மக்னடைட் எனும் இரும்புத் தாது. அதனுடன் செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த சால்கோபைரைட். பின்னது பித்தளை மஞ்சளாய் மினுங்கும், விவரம் அறியாதவரைப் பொன் என்றே ஏமாற்றும். தேடுபவருக்கு மக்னடைட் நல்ல உளவாளி. மண் மூடிக் கிடந்தாலும் காந்த ஊசியைத் திருப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இங்கே? இலங்கையின் நடுவில் இருப்பது சுமார் 200 கோடி ஆண்டு மூப்புள்ள பொருளால் ஆன உயர்நிலப் பாறைத்தொகுதி. கிழக்கே உள்ள விஜயன் தொகுதிக்கு ஏறத்தாழ அதில் பாதி வயது. கொண்டுவானா எனும் பெருங்கண்டம் கூடிய காலத்தில், 60 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாக, இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டு தெற்கே அம்பாந்தோட்டை வரை நீள்கிறது. உஸ்ஸங்கொடவின் பாம்புப்பாறையும் மகா ஓயா, மகாபெலஸ்ஸ வெந்நீரூற்றுகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. சேருவில தாதுவும் அப்படித்தான்.

கண்டுபிடிப்பு வேறு, சுரங்கம் வேறு. படிவு பெரிதல்ல. செம்பெடுக்கப் பாறையை வெடிவைத்துப் பிளக்க வேண்டும், மாவாக அரைக்க வேண்டும், கந்தகம் கலந்த கழிவைத் தேக்க இடம் வேண்டும். பிறகு போர் வந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு மூண்ட சண்டையும் இதே பகுதியில்தான்.

அதே மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டையில், இந்தச் செலவையெல்லாம் இயற்கையே செய்து வைத்திருந்தது. பாறை கரைந்து மணலாகி, அலை அதைக் கொழித்துப் பாரமானதைக் கரையில் ஒதுக்கியது. ஒப்படர்த்தி 4.7 அளவிலான இல்மனைட் தங்கியது, 2.65 உள்ள வெண்மணல் விலகியது. எடுத்ததில் ஒரு பங்கை வாடைக்காற்றுக் காலக் கடல் திருப்பியும் தந்தது. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1961இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு மணல் கப்பலேறி வெள்ளைப் பெயின்டுக்கு மூலப்பொருளானது. போர் இதையும் விடவில்லை: 1997 செப்டம்பரில், புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ கப்பல் தாக்கப்பட்டது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, சேருவிலவில் யார் துளையிட விரும்பினாலும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஆய்வுக்கு ஓர் உரிமம், அகழ்வதற்கு வேறொன்று. அதற்குப் பிறகும் அப்பகுதியின் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து நெல் விவசாயிகளிடம் பேசியாக வேண்டும். கழிவுநீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.